கேள்வி கேட்காத பத்துச் சீட்டு

என் நாத்தனாருக்கு எங்கள் தெருவில் பெயர் பத்துச் சீட்டு. கீழே தையல் கடை வைத்திருப்பவர் ஆரம்பித்து வைத்த பெயர் அது. யாராவது மாடிப்படிப் பக்கம் தயங்கி நின்றால், மிஷினை நிறுத்தாமலே "பத்துச் சீட்டம்மாவா? மேல போங்க, கைப்பிடி ஆடும், பாத்து" என்பார். அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் எரிச்சல். வீடு எங்களுடையது, முன்னறை எங்களுடையது, வருகிறவர்கள் மிதித்து மிதித்து நைந்துபோன கால்மிதி நான் வாங்கிப் போட்டது. ஆனால் தெருவில் என்னை "பத்துச் சீட்டோட அண்ணி" என்றுதான் சொல்வார்கள்.

என் கணவரின் தங்கை அவள். கல்யாணம் வேண்டாம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டாள். சொன்னபடி இருந்தும் காட்டினாள். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் பெரிய கடை ஒன்றில் பதினைந்து வருடம் புகார் மேஜையில் உட்கார்ந்தவள். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, சலவை மெஷின் தண்ணீரைக் கக்குகிறது, டிவி இரண்டாம் நாளே கண்ணை மூடிவிட்டது என்று ஆட்கள் முகம் சிவந்து வருவார்கள். வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவளுக்குத் தெரிந்துவிடும். இவருக்குப் புதுப் பொருள் கொடுத்தால்தான் ஆகும், இவருக்கு ஒரு மன்னிப்பு போதும், இவருக்கு ஒன்றுமே வேண்டாம், யாரையாவது நாலு வார்த்தை திட்டினால் போதும். எதைக் கொடுத்தால் இந்த முகம் அமைதியாகும் என்று பார்ப்பதே அவளுடைய வேலை. அதில் அவள் கெட்டிக்காரி.

அந்தக் கடையில் பொதி கட்டும் பிரிவில் இருந்த ஒருத்தி வேலையை விட்டுப் போகும்போது படம் பார்த்துக் குறி சொல்லும் டாரட் சீட்டு ஒரு கட்டையும் ஒரு புத்தகத்தையும் இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எழுபத்தெட்டு சீட்டு. இரண்டு வருடம் சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் புத்தகத்தைப் படித்தாள். கடை மூடப்பட்டபோது எங்கள் வீட்டுக்கு வந்து, முன்னறை ஜன்னலோரம் ஒரு மடக்கு மேஜையைப் போட்டாள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

அவள் சீட்டு போடும் விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. வருகிறவரே சீட்டைக் குலுக்க வேண்டும். குலுக்கி, இடது கையால் கட்டை மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டும். பிறகு இவள் அதைச் சேர்த்து, மேலிருந்து ஒவ்வொன்றாகப் பத்துச் சீட்டு எடுப்பாள். முதல் சீட்டு நடுவில், இன்றைய நிலைமை. இரண்டாவது அதன் மேலேயே குறுக்காக, வழியை மறிப்பது. கீழே வைப்பது வேர், இடப்பக்கம் போனது, மேலே மனசு நினைப்பது, வலப்பக்கம் சீக்கிரம் வரப்போவது. அப்புறம் பக்கவாட்டில் கீழிருந்து மேலாக நாலு சீட்டு: நீ, உன் வீடு, உன் ஆசையும் பயமும், கடைசியாக முடிவு. ஆசைக்கும் பயத்துக்கும் சேர்த்து ஒரே இடம்தானா என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி. இந்த மேஜைக்கு வந்து உக்காந்து பாருங்க, தெரியும்" என்றாள்.

புத்தகத்தில் இல்லாத இரண்டு வழக்கங்களை அவளாகவே வைத்துக்கொண்டாள். சீட்டு தலைகீழாக விழுந்தால் அதற்கு வேறு அர்த்தம் உண்டாம். இவள் பேசாமல் நேராகத் திருப்பி வைத்துவிடுவாள். எலும்புக்கூடு குதிரையில் வரும் சாவுச் சீட்டு விழுந்தால் "மாற்றம்" என்பாள், இடிந்து விழும் கோபுரம் வந்தால் "புதுசா கட்டப் போறீங்க" என்பாள். இன்னொரு வழக்கம்தான் அவளைப் பிரபலமாக்கியது. கேள்வியை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

"மனசுக்குள்ளயே வச்சுக்கோங்க. எனக்குத் தெரிய வேண்டாம்" என்பாள்.

ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வெட்கப்படவேண்டியதில்லை, அழுது தொலைக்கவேண்டியதில்லை. ஊமையாக வந்து உட்கார்ந்து, பத்துச் சீட்டு பார்த்து, தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். பேரும் கேட்கமாட்டாள், போன் நம்பரும் வாங்கமாட்டாள்.

"கேள்வியே தெரியாம பதில் சொல்றியேடி, உனக்கே சிரிப்பு வரலையா?" என்று கேட்டிருக்கிறேன்.

"பதில் அவங்க மூஞ்சியிலயே இருக்கு அண்ணி. நான் படிச்சுக் காட்டுறேன், அவ்வளவுதான்."

நான் வேலை செய்வது ஓர் ஆஸ்பத்திரியில். ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கும் மேஜை. பெரிய வேலை ஒன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு போன், என்னைக் கண்டாலே பிடிக்காத ஒரு சூப்பர்வைசர். யாராவது தேதியை ரத்து செய்தால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். காய்ச்சல், ஊருக்குப் போகிறேன், ஆள் துணை இல்லை, இப்படி ஏதாவது எழுதுவோம். ரத்தான தேதி, ரத்து செய்த அன்றைக்கே மாலை நாலு மணிக்குள் வரிசையில் அடுத்து நிற்கும் நோயாளிக்குப் போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். வியாழக்கிழமைக்கு இருந்த தேதி வேண்டாம் என்றார். ஃபைலைத் திறந்தேன். வயது நாற்பத்தாறு. வேலை, பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. இடது மார்பில் கட்டி. பரிசோதனை முடிவைப் பார்த்ததும், தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது என்று எனக்கே தெரிந்தது.

"என்ன காரணம்னு போடட்டும்மா?"

"சும்மாதான். இப்போதைக்கு வேண்டாம்."

"ஏதாவது ஒண்ணு எழுதணும்மா."

 குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "சிரிக்காதீங்க. சீட்டு பாத்தேன். பொறுத்திரு, எதையும் இப்ப செய்யாதேன்னு வந்திருக்கு."

 "எங்கம்மா பாத்தீங்க?"

"தையல் கடைக்கு மேல ஒரு அம்மா இருக்காங்க. பத்துச் சீட்டு போடுவாங்க. நான் ஒரு வார்த்தை பேசல. அவங்களாவே அவ்வளவும் சொன்னாங்க."

அதற்குமேல் அவர் என்ன பேசினார், நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. டாக்டரிடம் ஒருமுறை பேசிவிட்டு முடிவெடுங்கள் என்று கெஞ்சினேன் போலிருக்கிறது. அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது? என் வீட்டு முன்னறை என்று எழுதுவதா?  "சொந்தக் காரணம்" என்று அடித்துவிட்டு, ஃபைலில் இருந்த முகவரியை என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். நோயாளியின் முகவரியை வெளியே கொண்டுபோனால் வேலை போகும். அந்தப் பயம் வேறு. தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

நாத்தனார் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன். துடைத்த துணி கையிலேயே இருந்தது.

"கை பெருசா இருக்கும், உள்ளங்கையில காய்ப்பு. போன வெள்ளிக்கிழமை வந்தவங்க" என்றாள். அவளுக்கு முகம் மறக்காது. "ஆறாவது சீட்டைத் திருப்பினேன். அவங்க மூஞ்சி அப்படியே வெளுத்துப்போச்சு. அதனால உடனே 'ஓய்வு'ன்னு சொன்னேன். 'அவசரப்படாம ஓய்வெடுங்க'ன்னேன். மூஞ்சி தெளிஞ்சுது. கடைசிச் சீட்டு, ஒருத்தன் தலைகீழாத் தொங்குற படம். அதுக்கும் பொறுமைன்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷமாப் போனாங்க அண்ணி."

"ஆறாவதா என்ன விழுந்துச்சு?"

சீட்டுக் கட்டைப் பிரித்து எடுத்துக் காட்டினாள். நாலு வாள் சீட்டு. கல் மேடை ஒன்றில் ஒருவன் மல்லாந்து படுத்திருக்கிறான். கைகள் நெஞ்சின்மேல் சேர்ந்திருக்கின்றன. அவனுக்கு நேர் மேலே மூன்று வாள்கள், கூர்முனை கீழே பார்த்தபடி; நாலாவது மேடையின் பக்கவாட்டில். புத்தகத்தில் அதற்கு ஓய்வு என்றுதான் போட்டிருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷன் தேதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கிறவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?  அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவங்க செத்துப்போயிடுவாங்களா?"

"வாயைக் கழுவுடி. கிளம்பு."

பஸ்ஸில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். சீட்டு சொல்லித்தானே போகாமல் நின்றார், சீட்டே போகச் சொல்லட்டும். சூரியன், நட்சத்திரம் என்று நல்ல படமாகப் பார்த்து மேலே அடுக்கிவை. ஒருநாளும் ஏமாற்றாதவள், மறுபேச்சில்லாமல் மடியில் வைத்து அடுக்க ஆரம்பித்தாள். இரண்டு சீட்டு கீழே விழுந்தது. முன் இருக்கையில் இருந்தவர் பொறுக்கிக் கொடுத்துவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தால் அப்போது யாருக்குமே சந்தேகம் வந்திருக்கும்.

வீட்டு வாசலில் மஞ்சள் வேன் நின்றது. வேன்காரம்மா கதவைத் திறந்தார். என் நாத்தனாரைப் பார்த்ததும் முதலில் அவர் முகத்தில் வந்தது பயம்தான். சீட்டுக்காரி வீடு தேடி வந்தால் நல்ல சேதியா கொண்டுவருவாள்? நான் யார் என்பதைச் சொன்னேன். காலையில் போனில் பேசியது நான்தான், இவள் என் நாத்தனார், என்மேல் புகார் கொடுக்க வேண்டுமானால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் ஐந்து நிமிஷம் உள்ளே விடுங்கள் என்றேன். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். "வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கார். ஆஸ்பத்திரிலயே தேதியைத் தள்ளிவச்சுட்டாங்கன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றார்.

"இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாங்க" என்றாள் நாத்தனார். குரல் அவளுடையதாகவே இல்லை.

"போடலாமே" என்று வேன்காரம்மா கையை நீட்டினார். "குலுக்குறது நான்தானே?"

எங்கள் கெட்டிக்காரத்தனம் அங்கேயே முடிந்தது. பஸ்ஸில் அடுக்கிய சூரியனும் நட்சத்திரமும் அந்தக் காய்த்த கைகளுக்குள் எங்கேயோ போய்விட்டன. அவர் நிதானமாகக் குலுக்கினார், இடது கையால் மூன்றாகப் பிரித்தார், எதிரே உட்கார்ந்தார். நாத்தனார் சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தாள். என்ன விழுகிறது என்று நான் பார்க்கவில்லை. அவர்கள் இரண்டு பேரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எது முதலில் வெளுக்கும் என்று. பத்தாவது சீட்டைக் குப்புற வைத்தவள் திருப்பவே இல்லை.

"திருப்புங்கம்மா" என்றார் வேன்காரம்மா.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மீதிக் கட்டை எடுத்து விரித்து, நாலு வாள் சீட்டைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அன்னிக்கு இதைப் பாத்துத்தானே பயந்தீங்க?"

"ஆமா."

"நான் ஓய்வுன்னு சொன்னேன். நீங்க என்ன பாத்தீங்க?"

வேன்காரம்மா அந்தப் படத்தைத் தொடவில்லை. "ஆபரேஷன் மேஜை. மேல கத்தி. படுத்திருக்கிறது நான். எந்திரிக்கல."

"அதை ஏங்க என்கிட்ட சொல்லல?"

"கேள்வியைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் குற்றம் சாட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். என் நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினைந்து வருடம் எத்தனையோ பேர் அவளை முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறார்கள், அப்போதெல்லாம் அழாதவள்.

"நான் சீட்டைப் பாக்கலைங்க. உங்க மூஞ்சியத்தான் பாத்தேன். பயந்துபோய் வந்தீங்க. போக வேண்டாம்னு யாராவது சொல்லணும்னு வந்தீங்க. அது என்ன, எங்க போக வேண்டாம்னு எனக்குத் தெரியாது. கேட்டதைக் குடுத்துட்டேன். கடையில ஃப்ரிட்ஜ் மாத்திக் குடுத்த மாதிரி குடுத்துட்டேன்."

வேன்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே முக்கால். நாலு மணிக்கு அந்தத் தேதி கைமாறிவிடும். உலுக்கிக் கேட்கலாமா என்றுகூட இருந்தது. அவர் பேச ஆரம்பித்தபோது எங்களிடம் பேசினாரா, ஜன்னலுக்கு வெளியே நின்ற வேனிடம் பேசினாரா தெரியவில்லை.

"இருபது வருஷமா ஓட்டுறேன். அடுத்தவங்க ஓட்டுற வண்டியில ஒரு நிமிஷம் கண்ணசந்தது கிடையாது, தெரியுமா? பஸ்ஸுல போனாலும் நான்தான் பிரேக்க மிதிப்பேன். இவங்க என்னை மயக்கத்துல படுக்கப் போட்டுட்டு, அவங்களா ஓட்டுவாங்களாம். நான் எதைப் பிடிச்சுக்கிறது?"

பிறகு அழுதார். பெரிய உடம்பு, பெரிய கை, அழுகை மட்டும் சின்னப் பிள்ளையுடையது போல இருந்தது. நாத்தனார் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் வரேங்க. கதவு வரைக்கும் வரேன். வெளியில வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கிறேன்." ஆபரேஷனுக்குச் சம்மதித்து, கணவரிடம் உண்மையைச் சொல்வதற்கும் அவர் தலையாட்டியபோது மூன்றரை மணி. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். சூப்பர்வைசர் எடுத்தார். மத்தியானமே அந்தத் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். அடுத்த இடம் பத்தொன்பது நாள் கழித்து.

மேஜையில் கிடந்த சீட்டுகளை நான்தான் பொறுக்கினேன். பத்தாவதைத் திருப்பிப் பார்த்தேன். என்ன சீட்டு என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் உட்கார்ந்து அர்த்தம் பார்ப்பீர்கள்.

அந்தப் பத்தொன்பது நாளும் எங்கள் வீட்டில் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மேஜை மடங்கிச் சுவரோரம் சாய்ந்தது. படியேறி வந்தவர்களைத் தையல் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அவள் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிடுவாள். "அண்ணி, அது ஒரு நாளைக்கு எவ்வளவு வளரும்?" என்று கேட்பாள். எனக்கென்ன தெரியும்? நான் தேதி கொடுக்கிறவள். "ஒண்ணும் ஆகாதுடி" என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டேன். அதைச் சொல்லித்தானே இந்த நிலைமைக்கு வந்து நிற்கிறோம்.

ஆபரேஷன் அன்று அவள் சொன்னபடியே நின்றாள். ஸ்ட்ரெச்சர் கதவுக்குள் போகும்வரை வேன்காரம்மா அவள் விரல்களைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியில் விரல் கன்றிப்போயிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். வேன்காரம்மாவின் கணவர் ஒரு மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி இருந்தார். எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைக் குறைசொல்ல முடியாது. இரண்டு மணி நேரம் என்றார்கள், மூன்றரை ஆனது. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் நான் எழுந்து நின்றேன்.

டாக்டர் வெளியே வந்தார். கட்டியை எடுத்தாகிவிட்டது, உயிருக்கு இப்போது ஆபத்தில்லை என்றார். வேன்காரம்மாவின் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டர் முடிக்கவில்லை. அக்குளில் இரண்டு நிணநீர் முடிச்சுகளில் புற்று பரவியிருக்கிறது, அவற்றையும் எடுத்தாகிவிட்டது, மருந்து நீண்ட நாள் கொடுக்கவேண்டியிருக்கும் என்றார்.

"முதல்ல குடுத்த தேதியிலயே பண்ணியிருந்தா பரவியிருக்காதா டாக்டர்?" என்று கேட்டது என் நாத்தனார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

"முன்னாடியே பரவியிருக்கலாம். இந்த ரெண்டு மூணு வாரத்துலயும் ஆகியிருக்கலாம். அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

டாக்டர் போய்விட்டார். அவள் அப்படியே நின்றாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் விழுந்து அழுதிருப்பாள், இல்லை என்றிருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பாள். இரண்டும் இல்லாமல் போயிற்று. அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது.

மறுநாள் வார்டில் பார்க்கவிட்டார்கள். வேன்காரம்மா கட்டுப் போட்ட உடம்போடு தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தது. நாத்தனாரைப் பார்த்து உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"மருந்து ஏத்தப் போறாங்களாம். எல்லாம் சரியாயிடுமா? நீங்க சொல்லுங்க."

 அந்த முகத்துக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

"தெரியலைங்க" என்றாள் நாத்தனார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

வேன்காரம்மா அவளையே பார்த்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான்.

"அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் நேரா இங்கதான் வந்திருப்பேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். என் நாத்தனார் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.